தவளைக் காலில் தொடங்கிய சண்டை... உங்க போன் பேட்டரி வரை வந்த கதை!

உங்க பவர் பேங்க்கைத் திருப்பிப் பின்பக்கம் பாருங்க. கண்ணைச் சுருக்கிப் படிக்கிற அளவுக்குப் பொடி எழுத்துல என்னென்னவோ அச்சடிச்சிருப்பாங்க. அதுல எங்கேயாவது 3.7 வோல்ட் என்று ஓர் எண் இருக்கும். எண்ணுக்குப் பக்கத்தில் ஒட்டிக்கிட்டு நிற்கும் அந்த 'வோல்ட்' ஒரு மனிதரின் பெயர். முழுசா எழுதினால், அலெஸ்ஸாண்ட்ரோ வோல்ட்டா.

பேட்டரியைக் கண்டுபிடித்தவர் யார் என்ற ஒரு மார்க் கேள்விக்கு இந்தப் பெயரை நாம எல்லாருமே மனப்பாடம் பண்ணியிருப்போம். ஆனா, வோல்ட்டா பேட்டரி செய்யணும்னு உட்காரவே இல்லை. இன்னொரு விஞ்ஞானி சொன்னது தப்புன்னு நிரூபிக்கத்தான் உட்கார்ந்தார். அந்தச் சண்டைக்கு நடுவே கிடந்தது, செத்துப்போன ஒரு தவளையின் கால்.

வடக்கு இத்தாலியில், ஆல்ப்ஸ் மலையடிவாரத்து ஏரிக்கரையில் இருக்கிற அழகான ஊர் கோமோ. 1745 பிப்ரவரி 18-ல் அங்கே பிறந்தார் வோல்ட்டா. அப்போ இத்தாலி என்று ஒரு நாடே கிடையாது. கோமோ இருந்த லொம்பார்டி பகுதி, ஆஸ்திரியாவின் ஆட்சியில் இருந்தது. இதைக் கொஞ்சம் ஞாபகம் வெச்சுக்கோங்க, பின்னாடி தேவைப்படும். வோல்ட்டா வீடு, பேருக்குத்தான் பிரபுக் குடும்பம். கையில் காசு இல்லை. குழந்தைக்கு நாலு வயசு வரை சரியாகப் பேச்சே வரவில்லை என்று சொல்வார்கள். ஏழு வயசில் அப்பாவும் போய்விட்டார். வளர்த்த உறவினர்களுக்குப் பையன் வக்கீலாகணும்னு ஆசை. பாடம் சொல்லிக்கொடுத்த பாதிரியார்களுக்கு அவனைத் தங்கள் சபையில் சேர்த்துக்கொள்ளணும்னு ஆசை. பையனுக்கோ மின்சாரத்தின் மேல் பித்து. 18 வயசிலேயே பாரிஸில் இருந்த நோலே என்ற பிரபல மின் ஆராய்ச்சியாளருக்குக் கடிதம் எழுத ஆரம்பிச்சுட்டார்.

அந்தக் காலத்து மின்சாரம் எப்படி இருந்துச்சுன்னு ஒரு நிமிஷம் பார்த்துடலாம். ஸ்விட்ச் இல்லை, ஒயர் இல்லை, பல்பு இல்லை. கண்ணாடியையோ அரக்கையோ துணியில் தேய்த்தால் ஒட்டிக்கொள்கிற மின்னூட்டம், படார்னு ஒரு பொறி, அவ்வளவுதான். அதைச் சேர்த்து வைக்க ஒரு கண்ணாடி ஜாடி இருந்தது. லெய்டன் ஜாடி என்று பெயர். உள்பக்கமும் வெளிப்பக்கமும் உலோகம், நடுவில் கண்ணாடி. அது முதன்முதலில் செய்யப்பட்டதும் வோல்ட்டா பிறந்த அதே 1745-ல்தான். ப்ளஸ் டூ இயற்பியலில் 'மின்தேக்கி'ன்னு படிச்சோமே, அதனுடைய கொள்ளுத்தாத்தா இந்த ஜாடி. ஆனா இதில் ஒரு கஷ்டம். தொட்டால் ஒரே அடியில் எல்லாம் காலி. மின்சாரம் 'ஓடுவது' என்றால் என்னன்னு யாருக்கும் அப்போ தெரியாது. ஏன்னா, யாரும் அதைத் தொடர்ந்து ஓடவிட்டதே இல்லை.

1775-ல் எலெக்ட்ரோஃபோரஸ் என்ற கருவியை வோல்ட்டா ஊரறியச் செய்தார். பிசினால் செய்த ஒரு வட்டத்தட்டைத் தேய்த்து, அதன் மேல் கைப்பிடி போட்ட உலோகத் தட்டை வைத்து, விரலால் ஒரு முறை தொட்டு, தூக்கினால் உலோகத் தட்டில் மின்னூட்டம் ஏறியிருக்கும். திரும்பத் திரும்பச் செய்யலாம். இதுபோன்ற ஒன்றை அவருக்கு முன்பே வில்க்கே என்ற ஸ்வீடன் விஞ்ஞானி செய்திருந்தார் என்பதையும் சொல்லிடணும். ஆனா ஐரோப்பா முழுக்க அது பரவியது வோல்ட்டாவால்தான். அடுத்த வருஷம், மஜ்ஜியோரே ஏரியின் சேற்றைக் குச்சியால் கிளறி, மேலே வந்த குமிழிகளைப் பிடித்து, அது எரியும் வாயு என்று காட்டினார். நாம இன்றைக்கு மீத்தேன் என்கிறோமே, அதுதான். 1770-களின் கடைசியில் பாவியா பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் வேலை கிடைத்தது. பாடம் நடத்துவதைவிடச் செய்து காட்டுவதில்தான் மனிதர் கில்லாடி.

இந்தக் கதையில் எனக்கு ரொம்பப் பிடிச்ச பொருள் பேட்டரி இல்லை. அதற்கு 18 வருஷம் முன்னாடி, 1782-ல் அவர் உலகத்துக்குச் சொன்ன இன்னொரு கருவி. அது இல்லாமல் பேட்டரி வந்திருக்கும் என்று எனக்குத் தோணலை.

ரெண்டு தட்டு, ஒரு தந்திரம்

ஒரு குடம் தண்ணீர் இருக்கு. அதை அகலமான அண்டாவில் ஊற்றினால் அடியில் கொஞ்சம்தான் நிற்கும். அதே தண்ணீரை ஒல்லியான, உயரமான குழாயில் ஊற்றினால் மட்டம் எங்கேயோ போயிடும். தண்ணீர் ஒண்ணுதான், மட்டம்தான் வேற. மின்னூட்டமும் இப்படித்தான் என்று தெளிவாகப் பார்த்தவர் வோல்ட்டா. தண்ணீரின் அளவு போல மின்னூட்டம், பாத்திரத்தின் அகலம் போல அதன் கொள்ளளவு, மட்டம் போல மின்னழுத்தம். கொள்ளளவையும் அழுத்தத்தையும் பெருக்கினால் மின்னூட்டம். இன்றைக்கும் தேர்வில் இதே சூத்திரத்தைத்தான் எழுதுறீங்க.

இப்போ கருவிக்கு வருவோம். ரெண்டு உலோகத் தட்டுகள், நடுவில் மின்சாரம் கடத்தாத மெல்லிய வார்னிஷ் படலம். ஒரு தட்டில் நேர் மின்னூட்டம், இன்னொன்றில் எதிர். ஒன்றையொன்று இழுக்கும், ஆனா தாண்டிப் போக முடியாது. நடுவில் இருக்கிற அந்தச் சின்ன இடைவெளி சும்மா இல்லை. அங்கே எந்த மின்னூட்டத்தைக் கொண்டுபோய் வைத்தாலும் அதன்மேல் ஒரு விசை செயல்படும். அதைத்தான் மின்புலம் என்கிறோம். தட்டுகள் நெருக்கமாக இருப்பதால் இது அகலமான அண்டா. துளியூண்டு அழுத்தத்திலேயே நிறைய மின்னூட்டத்தை வாங்கி வைத்துக்கொள்ளும்.

தந்திரம் இனிமேல்தான். வெளித் தொடர்பைத் துண்டித்துவிட்டு, மேல் தட்டைத் தூக்குங்க. மின்னூட்டம் தப்பிக்க வழியில்லை, அப்படியே இருக்கு. அதனால் மின்புலத்தின் வலிமையும் கிட்டத்தட்ட அப்படியே இருக்கு. ஆனால் தூரம் கூடிடுச்சு. மின்புலத்தைத் தூரத்தால் பெருக்கினால் வருவதுதான் மின்னழுத்தம். ஆக, தட்டு விலக விலக அழுத்தம் எகிறும். அண்டாவாக இருந்தது, கண் முன்னாடியே ஒல்லிக் குழாயாக மாறிடும்! கூடுதல் ஆற்றல் எங்கே இருந்து வந்ததுன்னு கேட்டா, உங்க கையில் இருந்துதான். ஒன்றையொன்று இழுக்கிற தட்டுகளைப் பிரிக்க நீங்க செய்த வேலைதான் அது.

இதனால் என்ன லாபம்? எந்தக் கருவியாலும் கண்டுபிடிக்க முடியாத அளவு பலவீனமான மின்சாரத்தைக்கூட இதில் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்து, தட்டைத் தூக்கி, பெரிதாக்கிப் பார்க்கலாம். மின்சாரத்துக்கு ஒரு மைக்ராஸ்கோப் மாதிரி. சொல்ல மறந்துட்டேனே, இந்தக் கட்டுரையை இப்போ தள்ளித் தள்ளிப் படிக்கிறீங்க இல்லையா, அந்த டச் ஸ்க்ரீன் முழுக்க இருப்பதும் குட்டிக் குட்டி மின்தேக்கிகள்தான். உங்க விரல் பக்கத்தில் வந்ததும் அங்கே இருக்கிற மின்புலம் மாறுது, கொள்ளளவு மாறுது. எந்த இடத்தில் மாறுச்சுன்னு உள்ளே இருக்கிற சிப் கண்டுபிடிச்சுடுது. கையுறை போட்டுக்கிட்டுத் தொட்டால் பல நேரம் வேலை செய்யாததும் அதனால்தான்.

தவளை யார் பக்கம்?

பாவியாவில் இருந்து தென்கிழக்கே, பொலோனியாவில் லூயிஜி கால்வானி என்று ஒருவர் இருந்தார். வோல்ட்டாவைவிட எட்டு வயசு மூத்தவர். உடற்கூறியல் பேராசிரியர், மருத்துவர், அமைதியானவர், பக்திமான். தவளைக் கால்களை வைத்துப் பல வருஷம் ஆராய்ச்சி செய்தார். பித்தளைக் கொக்கியில் மாட்டிய தவளைக் கால்கள், இரும்புக் கம்பியில் பட்டதும் துடித்தன. இடி இல்லை, மின்னல் இல்லை, தேய்த்து மின்சாரம் எடுக்கிற கருவி பக்கத்திலும் இல்லை. அப்போ மின்சாரம் எங்கே இருந்து வந்தது? தவளையின் உடம்புக்குள்ளேயே மின்சாரம் இருக்கு என்றார் கால்வானி. தசை என்பது ஒரு லெய்டன் ஜாடி மாதிரி. உலோகம் அதைத் தொட்டு வெளியே விடுது, அவ்வளவுதான் என்று 1791-ல் புத்தகம் போட்டார். 'விலங்கு மின்சாரம்' என்று ஐரோப்பாவே பேச ஆரம்பிச்சுது. தவளைகளுக்குத்தான் கெட்ட காலம்.

வோல்ட்டா முதலில் அசந்துபோனார், பாராட்டினார். ஆனா சோதனைகளைத் தானே செய்து பார்க்கப் பார்க்க ஒரு விஷயம் உறுத்தியது. கொக்கியும் கம்பியும் ஒரே உலோகமாக இருந்தால் துடிப்பு ரொம்பக் குறைவு, சில நேரம் இல்லவே இல்லை. வேறு வேறு உலோகமாக இருந்தால் நல்லா துடிக்குது. தவளை உடம்பில்தான் மின்சாரம் என்றால், உலோகம் எதுவானால் என்ன?

அடுத்து அவர் செய்தது, தவளைக்குப் பதில் தன் நாக்கை நீட்டியது. நாக்கு நுனியில் தகரத் தாள், கொஞ்சம் உள்ளே ஒரு வெள்ளி நாணயம். ரெண்டும் ஒன்றோடொன்று தொட்டதும் ஒரு புளிப்புச் சுவை! சின்ன வயசில் ஒன்பது வோல்ட் பேட்டரியை நக்கிப் பார்த்து அலறியவர்களுக்கு இந்தச் சுவை தெரியும். வோல்ட்டாவுக்கு இதில் பொறி தட்டியது. மின்சாரம் வருவது ரெண்டு வேறு உலோகங்கள் தொட்டுக்கொள்வதால். தவளைக் கால் வெறும் மீட்டர்தான், மின்சாரம் இருக்குன்னு துடிச்சுக் காட்டுது என்றார்.

கால்வானி தரப்பு சும்மா இருக்கவில்லை. உலோகமே இல்லாமல், ஒரு தவளையின் நரம்பை இன்னொன்றின் நரம்போடு தொட வைத்தே கால்களைத் துடிக்கச் செய்து காட்டினார் கால்வானி. நியாயமாக இது ஆட்டத்தையே முடித்திருக்க வேண்டிய அடி. ஆனால் ஈரமான ரெண்டு வேறு பொருள்கள் தொட்டாலும் மின்சாரம் வரலாமே என்று வோல்ட்டா தன் கொள்கையை இழுத்து நீட்டினார். இந்த இடத்தில் எனக்கு வோல்ட்டா மேல் கொஞ்சம் கோபம்தான். எதிராளியின் நல்ல ஆதாரத்தைப் பார்த்த பிறகும் நின்று யோசிக்காத பிடிவாதம் அது.

ஆனா அதே பிடிவாதம்தான் அவரை அடுத்த படிக்கும் தள்ளியது. தவளையும் வேண்டாம், நாக்கும் வேண்டாம். உயிர் சம்பந்தப்பட்ட எதுவுமே இல்லாமல் ரெண்டு உலோகத்தில் மின்சாரம் வருதுன்னு காட்டணும். அவ்வளவு துளி மின்சாரத்தை எதை வைத்துப் பார்ப்பது? பழைய தட்டுக் கருவி கைகொடுத்தது. வெவ்வேறு உலோகங்களைத் தொட வைத்து, அந்த மின்னூட்டத்தை மின்தேக்கியில் சேர்த்து, தட்டைத் தூக்கினார். மின்னூட்டம் காட்டும் கருவி அசைந்தது. 1790-களின் பிற்பாதியில் நடந்தது இது.

சத்தியம் செய்தவரும் செய்யாதவரும்

இதற்கு நடுவே வெளியே உலகம் புரண்டுகொண்டிருந்தது. 1796-ல் நெப்போலியன் படையோடு இத்தாலிக்குள் நுழைந்து, ஆஸ்திரியர்களை விரட்டி, புதுக் குடியரசு ஒன்றை அமைத்தார். அரசுப் பணியில் இருக்கும் எல்லாரும் புது ஆட்சிக்கு விசுவாச சத்தியம் செய்யணும்னு உத்தரவு. கால்வானி மறுத்துவிட்டார். அவருடைய மனசாட்சிக்கு அது ஒத்துவரலை. 1798-ல் வேலை போனது. ஆராய்ச்சியில் துணை நின்ற மனைவி லூசியா சில வருஷம் முன்பே இறந்திருந்தார். அந்த வருஷம் டிசம்பர் 4-ல் கால்வானியும் கண் மூடினார்.

வோல்ட்டா வளைந்து கொடுக்கிற மனிதர். ஆஸ்திரியர் வந்தால் அவர்களுக்கு வணக்கம், பிரெஞ்சுக்காரர் வந்தால் அவர்களுக்கு வணக்கம். இருந்தும் அவரும் தப்பவில்லை. 1799-ல் ஆஸ்திரியர் திரும்பி வந்து பாவியா பல்கலைக்கழகத்தையே மூடிவிட்டார்கள். 54 வயசில், வேலை இல்லாமல், மனைவியோடும் மூணு சின்னப் பையன்களோடும் சொந்த ஊரான கோமோவில் இருந்தார் வோல்ட்டா. (இளமையில் ஒரு பாடகியைக் காதலித்து, குடும்பம் ஒத்துக்கொள்ளாமல் விட்டுவிட்டு, 49 வயசில் தெரேசாவைக் கல்யாணம் பண்ணினவர் இவர்.) நம்ம போன்களுக்கு உயிர் கொடுக்கிற பொருள் அந்தச் சமயத்தில்தான் பிறந்தது.

ஒரு ஜோடி உலோகம் கொடுக்கிற மின்சாரம் சின்னது. சரி, பல ஜோடிகளை அடுக்கினால்? வெள்ளித் தட்டு, துத்தநாகத் தட்டு, உப்புத் தண்ணீரில் நனைத்த அட்டை. மறுபடியும் வெள்ளி, துத்தநாகம், ஈர அட்டை. இப்படியே இட்லித் தட்டு மாதிரி ஒன்றன்மேல் ஒன்றாக. ஒவ்வொரு அடுக்கும் தன் பங்குக்கு அழுத்தத்தைக் கூட்டியது. அடியையும் உச்சியையும் ஈரக் கைகளால் தொட்டதும் அதிர்ச்சி! கையை எடுத்துவிட்டு மறுபடி தொட்டாலும் அதிர்ச்சி. லெய்டன் ஜாடி போல ஒரே அடியில் காலியாகவில்லை. மனித வரலாற்றில் முதன்முறையாக மின்சாரம் தொடர்ந்து ஓடியது.

இதில் ஒரு வேடிக்கை. அதிர்ச்சி கொடுக்கிற டார்பிடோ மீனின் உடம்பிலும் இப்படித்தான் அடுக்கடுக்காக ஓர் உறுப்பு இருக்கு. அதைப் போலச் செய்தது என்பதால், தன் கருவியைச் செயற்கை மின் உறுப்பு என்றே அழைத்தார் வோல்ட்டா. விலங்கு மின்சாரம் என்பதே இல்லை என்று வாதாடியவர், கடைசியில் ஒரு விலங்கைப் பார்த்துத்தான் காப்பியடித்தார்!

1800 மார்ச் 20-ல் லண்டன் ராயல் சொசைட்டியின் தலைவர் ஜோசப் பேங்க்ஸுக்குக் கடிதம் எழுதினார். போர்க்காலம் என்பதால் கடிதம் ரெண்டு பகுதியாகப் போனது. முதல் பகுதி கையில் கிடைத்ததும் பேங்க்ஸ் அதை நண்பர்களிடம் காட்டிவிட்டார். அதைக் கேட்டு நிக்கல்சன், கார்லைல் என்ற ரெண்டு பேர் தாங்களே ஓர் அடுக்கைச் செய்து, கம்பிகளைத் தண்ணீரில் விட்டார்கள். தண்ணீர், ஹைட்ரஜனாகவும் ஆக்ஸிஜனாகவும் பிரிந்தது. வோல்ட்டாவின் கடிதம் சபையில் முறைப்படி வாசிக்கப்பட்டது ஜூன் மாதம்தான். அதற்குள் மே மாதமே இதெல்லாம் நடந்துவிட்டது. ஏழே வருஷத்தில் ஹம்ஃப்ரி டேவி இதே முறையில் பொட்டாசியம், சோடியம் என்று புதுத் தனிமங்களைப் பிரித்தெடுத்துவிட்டார்.

1801-ல் பாரிஸில் நெப்போலியன் முன்னால் செய்து காட்டினார் வோல்ட்டா. தங்கப் பதக்கம், ஓய்வூதியம், பிறகு பிரபுப் பட்டம் எல்லாம் வரிசையாக வந்தன. ஆனால் பெரிதாக அதற்குப் பிறகு அவர் எதையும் கண்டுபிடிக்கவில்லை. ஊரே கொண்டாடிய மனிதர், ஏரிக்கரைப் பக்கம் ஒதுங்கி, குடும்பத்தோடு இருக்கத்தான் விரும்பினார்.

சரி, சண்டையில் ஜெயிச்சது யார்?

வோல்ட்டா சொன்ன காரணம் தப்பு. ரெண்டு உலோகம் தொட்டுக்கொள்வதுதான் மின்சாரத்தை ஓட்டுது, ஈர அட்டை வெறும் பாதை என்று அவர் கடைசி வரை நம்பினார். துத்தநாகம் அரிபட்டுக்கொண்டே போவதைப் பார்த்தும், அது சம்பந்தமில்லாத பக்கவிளைவு என்று விட்டுவிட்டார். உண்மையில் அந்த அரிப்புதான் விஷயமே. துத்தநாகம் கரையும்போது எலெக்ட்ரான்களை விடுது. அவை ஒயர் வழியாகச் சுற்றிப்போய் மறுபக்கத்தில், ஈரத்தில் நடக்கிற இன்னொரு வேதிவினையில் சேருது. துத்தநாகம் தீர்ந்தால் மின்சாரமும் தீர்ந்தது. உங்க போனில் இருப்பது லித்தியம். தலைகீழாக ஓட்டி மறுபடி சார்ஜ் ஏற்ற முடியுது. ஆனாலும் அங்கேயும் ஆற்றல் வேதியியலில் இருந்துதான் வருது.

1814-ல் மிலான் நகரில் வயதான வோல்ட்டாவை, டேவியோடு பயணம் வந்த 22 வயசு உதவியாளர் ஒருவர் சந்தித்தார். ரெண்டு வருஷம் முன்னாடி, புத்தகம் பைண்டிங் செய்துகொண்டிருந்த காலத்தில், ஏழு அரை பென்னிக் காசுகளையும் துத்தநாக வில்லைகளையும் வைத்துத் தனக்கென ஒரு வோல்ட்டா அடுக்கைச் செய்து பார்த்தவர் அவர். பெயர் மைக்கேல் ஃபாரடே. மின்கலத்தின் சக்தி வேதிவினையில் இருந்து வருது என்று பின்னாளில் அழுத்தமாக வாதாடியவரும், தட்டுகளுக்கு நடுவே இருக்கிற இடத்தை மின்புலமாகப் பார்க்க நமக்குக் கற்றுக்கொடுத்தவரும் அவர்தான். மின்தேக்கியின் கொள்ளளவை இன்றைக்கு 'ஃபாரட்' என்ற அலகில் சொல்கிறோம்.

வோல்ட்டா, 1827 மார்ச் 5-ல் கோமோவில் இறந்தார். வயது 82. மின்னழுத்தத்தின் அலகுக்கு அவர் பெயர் 1881-ல் பாரிஸ் மாநாட்டில் உறுதியானது. பேட்டரியின் நூற்றாண்டுக்காக 1899-ல் கோமோவில் கண்காட்சி வைத்தபோது தீப்பிடித்து, அவர் கைப்படச் செய்த கருவிகளில் பெரும்பாலானவை எரிந்துபோயின. மிஞ்சியவற்றையும், எரிந்தவற்றைப் போலத் திரும்பச் செய்தவற்றையும் ஏரிக்கரையில் இருக்கும் வோல்ட்டா நினைவு மண்டபத்தில் வைத்திருக்கிறார்கள்.

கால்வானி? அவர் சொன்னதிலும் பாதி உண்மை. கொக்கியும் கம்பியும் பட்டுத் துடித்த தவளை விஷயத்தில் வோல்ட்டா சொன்னதுதான் சரி. மின்சாரம் உலோகங்களால் வந்தது. ஆனா உடம்புக்குள்ளே மின்சாரம் இருப்பது நிஜம். நரம்பு செல்களின் சவ்வுக்கு உள்ளேயும் வெளியேயும் அயனிகள் பிரிந்து நிற்குது, ஒரு குட்டி மின்தேக்கி மாதிரியே. இதயம் துடிக்கும்போது வருகிற அந்த மின்சாரத்தைத்தான் நெஞ்சில் ஒயர்களை ஒட்டி இ.சி.ஜி. எடுக்கிறார்கள். வீட்டில் பெரியவங்க யாரோட இ.சி.ஜி. பேப்பராவது கைக்குக் கிடைத்தால், ஓரத்தில் இருக்கிற சின்ன எழுத்துகளைப் பாருங்க. கோடு 10 மில்லிமீட்டர் ஏறினால் ஒரு மில்லிவோல்ட் என்று கணக்கு போட்டிருப்பாங்க. கால்வானி சொன்ன மின்சாரத்தை, வோல்ட்டா பெயரில் அளக்கிறாங்க.